பச்சைச் சீட்டு தொங்கிய போர்வை

பதினொரு வருடமாகத் தொட்டிக் கடையில் ஒரு நாள்கூட முந்திக் கைவைக்காதவள் வெர்னா ஸ்டூகல். அவளையே ஒரு நாள் வெளியே அனுப்பினார்கள். அன்று நானும் அந்த வரிசையில் நின்றிருந்தேன். இன்னும் நெஞ்சு ஆறவில்லை.

எங்கள் லாங்ஃபோர்டில் அந்தக் கிடங்கின் வாசலில் பெரிய பெயர்ப்பலகை உண்டு. ஆனால் நாங்கள் தொட்டி என்றுதான் சொல்வோம். ஒஹையோவின் இந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கும் தருமக் கடைகளில் ஐந்து வாரம் தொங்கியும் யாரும் வாங்காதவை கடைசியாக எங்களிடம் வந்து விழும். சக்கரம் வைத்த நீலத் தொட்டிகளில் சட்டை, வாணலி, செருப்பு, பொம்மை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். எடை போட்டு விற்பார்கள். எங்களுக்கும் வேண்டாமென்றால் மூட்டை கட்டிக் கப்பலேற்றிவிடுவார்கள்.

மணிக்கொரு தடவை பழைய தொட்டிகளை உள்ளே இழுத்துவிட்டுப் புதியவற்றை உருட்டி வருவார்கள். அப்போது நாங்கள் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணால் மேயலாம், விரல் படக் கூடாது. கடைசித் தொட்டியும் வந்து நின்று, "எடுங்க!" என்று குரல் எழுந்த பிறகுதான் பாயலாம். முந்தித் தொட்டவர் அன்று முழுவதும் வெளியே.

அந்தச் சட்டத்துக்குக் காவல் தெய்வம் மாதிரி இருந்தவள் வெர்னா. யாராவது ஒரு சட்டைக் கையை நைசாக இழுத்தால் போதும், "ஏய் டுவைட்! கை எங்க போகுது? உங்கம்மா உனக்குப் பொறுமையே ஊட்டலியா?" என்று கத்துவாள்.

டுவைட் பழைய காலணிகளைத் துடைத்து இணையத்தில் விற்பவன். ஆறடி உயரம், ஓயாத வாய். "நீ ஊட்டேன் வெர்னா. உனக்குத்தான் பள்ளிக்கூடத்துல பரிமாறிப் பழக்கமாச்சே" என்று திருப்பிக் கொடுப்பான்.

உண்மைதான். அவள் முப்பது வருடம் பள்ளிக்கூட உணவகத்தில் நின்றவள். மகள் லிண்ட்சிக்கு நான்கு வயதாகும்போது புருஷன் ஒரு வேனில் ஏறிப் போனான், திரும்பவில்லை. அந்தப் பிள்ளையைத் தருமக் கடைத் துணியில்தான் வளர்த்தாள். ஐந்தாம் வகுப்பில் லிண்ட்சி போட்டிருந்த ஊதாக் கோட்டைப் பார்த்து ஒருத்தி, "அது என் பழைய கோட்டு, உள்ளே என் பேர் இருக்கும் பாரு" என்று வகுப்பு முழுக்கக் காட்டிவிட்டாள். அன்று லிண்ட்சி கோட்டைப் பனியில் கழற்றி எறிந்துவிட்டு, நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்தாள். வெர்னா திரும்பிப் போய் அதை எடுத்து வந்தாள். துவைத்தாள். பெயரைப் பிரித்தெடுத்தாள். மகள் அதை மறுபடி தொடவே இல்லை.

இதை அவளே எங்களிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அந்தச் சிரிப்பில் எதை மூடினாளோ!

லிண்ட்சி படித்தாள், பக்கத்து நகரமான கொலம்பஸில் வேலைக்குப் போனாள், கிராண்ட் என்ற பல் மருத்துவனைக் கட்டினாள். கர்ப்பமானதும் அம்மாவிடம், "குழந்தை பிறந்ததும் நீ வந்து எங்களோடயே இரும்மா. மாடியில ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு" என்றாளாம். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் வெர்னா ஏழு மாதம் உயிர் வாழ்ந்தாள். வாடகை அறையைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள். கட்டிலைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டு, தரையில் மெத்தை போட்டுப் படுத்தாள்.

அந்த ஏழு மாதமும் எங்கள் தொட்டியே பேறுகாலம் பார்த்தது என்று சொல்ல வேண்டும். யார் கையில் குழந்தைத் துணி சிக்கினாலும், "வெர்னா, இந்தா, உன் பேத்திக்கு!" என்று தூக்கிப் போடுவோம். நான் இரண்டு ஜோடிக் காலுறை கொடுத்தேன். இட்லிக் கரண்டி அளவுகூட இருக்காது. துணி பார்ப்பதில் கெட்டிக்காரியான ரொசால்பா மஞ்சள் போர்வை ஒன்றைக் கண்டெடுத்தாள். மூலைக்கு மூலை வாத்துப் படம். டுவைட்கூட, நாற்பது டாலருக்கு விற்கக்கூடிய குட்டிச் சிவப்புத் தோல் காலணியைக் கொடுத்தான். கறுத்துப் போன வாரை எடுத்துவிட்டுப் பச்சை வார் கோத்திருந்தான். "வாரை நான் மாத்தினேன்னு வெளியே சொல்லிடாதே. என் மானம் போயிடும்" என்றான்.

வெர்னா எல்லாவற்றையும் காசு போட்டு ஓட்டும் சலவைக் கூடத்தில் மூன்று தடவை துவைத்தாள். அங்கே மற்றவர் துணியோடு கலந்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றின் உள்மடிப்பிலும் சிவப்பு நூலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி தைத்தாள். நான்கு பெட்டி நிறைந்தது.

லிண்ட்சி வீட்டில் வளைகாப்பு மாதிரி ஒரு சனிக்கிழமை விருந்து. வெர்னாவை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். "சனிக்கிழமை கூட்டமா இருக்கும்மா, உன்னோட நிம்மதியாப் பேச முடியாது" என்று காரணம். ஞாயிறு போய்ப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய கேக்கைச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். மூன்று வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அதன் பிறகு இன்னும் மூன்று வாரம் ஓடிவிட்டது. "வா" என்ற அழைப்பு மட்டும் வரவில்லை.

"இன்னிக்கு நிச்சயம் கூப்பிடுவா" என்று அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று சொன்னாள். "பிள்ளை பெத்த உடம்பு, அசதியா இருக்கும் இல்லையா?"

"ஆமா ஆமா. போறப்ப எங்களுக்கெல்லாம் சொல்லாமப் போயிடாதே" என்றாள் ரொசால்பா.

தொட்டிகள் வரத் தொடங்கின. மூன்றாவது தொட்டி எங்கள் முன்னால் வந்து நின்றது. மேலே மஞ்சள் போர்வை. மூலையில் வாத்து.

எனக்கு முதலில் உறைக்கவில்லை. உலகத்தில் ஒரே ஒரு வாத்துப் போர்வையா இருக்கும்? பக்கத்தில் குட்டிச் சிவப்புக் காலணி, பச்சை வாரோடு. அதன் கீழே என் காலுறைகள், வெர்னா மடித்த மடிப்பில் அப்படியே.

டுவைட் பார்த்துவிட்டான். வெர்னாவைத் திரும்பிப் பார்த்தான்.

வெர்னாவின் கை மஞ்சள் கோட்டைத் தாண்டியது. போர்வையை எடுத்து உள்மடிப்பைத் திருப்பினாள். சிவப்புப் பெருக்கல் குறி. அதன் மேல் பிளாஸ்டிக் நரம்பில் விலைச் சீட்டு ஒன்று தொங்கியது. பச்சைச் சீட்டு.

தருமக் கடைகளில் வாரத்துக்கொரு நிறத்தில் சீட்டுக் கட்டுவார்கள். எந்த நிறம் எந்த வாரம் வந்த பொருள் என்பது எங்களுக்குக் கைரேகை மாதிரி. குழந்தை பிறந்த பிறகு வந்த வாரத்து வெள்ளையாக இருந்திருந்தால், குழந்தை வளர்ந்து அளவு பத்தாமல் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு பொய்யாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். பச்சை என்றால் அவள் பெட்டிகளைக் கொண்டுபோன ஞாயிற்றுக்கு அடுத்த நாள் தொடங்கிய வாரம். குழந்தை இன்னும் பிறந்திருக்கவே இல்லை.

"வெர்னா!" மேற்பார்வை பார்க்கும் ட்ரூடி ஓடி வந்தாள். "நீங்களே இப்படிச் செய்யலாமா? இன்னும் ரெண்டு தொட்டி வரணும். கீழே வைங்க."

"இது என்னுது" என்றாள் வெர்னா.

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. வைச்சிட்டு வெளியே போங்க. போன வாரம் டுவைட்டை அனுப்பச் சொல்லி நீங்கதானே சண்டை போட்டீங்க? உங்களுக்கு ஒரு சட்டம், அவருக்கு ஒரு சட்டமா?"

"விடுங்க ட்ரூடி, நான் ஒண்ணும் கேக்கலியே" என்று டுவைட் முணுமுணுத்தான்.

வெர்னா போர்வையை நான்காக மடித்தாள். பிறந்த குழந்தையைக் கிடத்துவதுபோல் தொட்டியில் வைத்தாள். தன் காலித் தள்ளுவண்டியை அங்கேயே விட்டுவிட்டு, நிமிர்ந்த தலையோடு வாசலைத் தாண்டிப் போனாள்.

"எடுங்க!" என்று ட்ரூடி கூவினாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவரும் பாயவில்லை. ரொசால்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாக ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நானும் சேர்ந்துகொண்டேன். எங்களைத் தெரியாத ஒருத்தி போர்வைப் பக்கம் கை நீட்டினாள். "அந்தப் பக்கம் போம்மா, இங்க உனக்கு ஒண்ணும் இல்ல" என்று டுவைட் குறுக்கே நின்றான். எடைக்கு வைத்ததும் அவனே பணம் கொடுத்தான்.

வாகனங்கள் நிற்கும் இடத்தில் வெர்னா தன் பழைய காரில் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் மூவரும் போய்ப் பையை அவள் மடியில் வைத்தோம்.

"அவளுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாச் சேர்ந்துபோச்சு" என்றாள் அவள், எங்கள் முகத்தைப் பார்க்காமல். "கொஞ்சத்தை இல்லாதவங்களுக்குக் குடுக்கட்டுமான்னு அப்பவே கேட்டா. நான்தான் குடுன்னு சொன்னேன். மறந்தே போயிட்டேன் பாரு."

"நல்ல மனசு உன் பொண்ணுக்கு" என்றாள் ரொசால்பா.

"ரொம்ப நல்ல மனசு" என்றேன் நான்.

பச்சைச் சீட்டு எங்கள் நால்வர் கண்ணெதிரே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. லிண்ட்சி. வெர்னாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஒலிபெருக்கியில் வைத்துத்தான் பேசுவாள். அன்றும் விரல் பழக்கத்தில் அதைத் தட்டிவிட்டது.

"அம்மா, எப்படி இருக்கே? பாப்பாவுக்கு அந்த மஞ்சள் போர்வை இல்லாமத் தூக்கமே வரமாட்டேங்குதும்மா. வாத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறா."

வெர்னா மடியில் இருந்த வாத்தை விரலால் தடவினாள். "அப்படியா கண்ணு?"

"அப்புறம்... அந்த மாடி ரூமைப் பத்தி..." லிண்ட்சி இழுத்தாள்.

ஏழு மாதமாகக் காத்திருந்த வார்த்தை அடுத்து வந்திருக்கக்கூடும். வராமலும் போயிருக்கலாம். வெர்னா அதைக் கேட்க நிற்கவில்லை.

"அதைத்தான் நானே சொல்லணும்னு இருந்தேன்மா. என்னால வர முடியாது. இங்க எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு. இவங்கெல்லாம் என்னை விடமாட்டேங்கிறாங்க."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. பாரம் இறக்கி வைத்தவர் விடும் மூச்சு. நாங்கள் எல்லோரும் கேட்டோம். பெற்றவளும் கேட்டாள்.

"அப்படியாம்மா? சரி, உன் இஷ்டம். கிறிஸ்துமஸுக்குப் பார்க்கலாம்."

போன் அணைந்தது. டுவைட் குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெர்னா போர்வையை வாய்க்கருகே கொண்டுபோனாள். முத்தமிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். பல்லால் சிவப்பு நூலைக் கடித்து, அன்று ஊதாக் கோட்டில் பெயரைப் பிரித்ததுபோல், இழை இழையாகப் பிரித்தெடுக்கத் தொடங்கினாள்.