மெஷினுக்கு மத்தியான ஓய்வு

என் வீட்டுக் கம்ப்யூட்டர் போன வருஷம் முழுக்க ஒரே ஒரு வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அது வேறு எண்களைப் பெருக்கி வந்தது என்று நிச்சயமாகத் தெரியும். எந்த எண்களை என்றுதான் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பதினைந்தை மூன்றாகவும் ஐந்தாகவும் பிரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளையே போதும். இந்த மாதிரி எண்ணைப் பிரிக்க ஒரு கம்ப்யூட்டருக்கு ஆயுசு போதாது. அதனால் பல தேசங்களில் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு பங்காக எடுத்து, வீட்டில் சும்மா கிடக்கும் மெஷினை ஓட்டி, விடையை அனுப்பி வைப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

சம்பளம் கிடையாது. முடித்து அனுப்பினாலும் பெரும்பாலும் வருகிற விடை ‘காரணி கிடைக்கவில்லை’ என்பதுதான். அதுவும் கணக்கில் சேரும். இந்த இடத்தில் தேடியாயிற்று, இனி இங்கே யாரும் தேட வேண்டாம் என்று அர்த்தம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. நான் செய்கிற மற்ற எந்த வேலையையும் முடிந்தது என்று ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. கழுவி வைத்த பாத்திரம் செத்த நேரத்தில் மறுபடி தொட்டியில் கிடக்கும்.

அந்த எண்ணை எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். எம்.ஃபில் படித்தபோது நூலகத்தில் ஓர் அட்டவணையில் பார்த்தேன். எதிரே காரணிகளை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. பிஎச்.டி சேர்ந்து அந்தப் பக்கமாக ஏதாவது செய்யலாம் என்று இருந்தேன். அப்புறம் கல்யாணம், மகள், வத்தலக்குண்டு பக்கத்துத் தனியார் கல்லூரியில் வேலை, முதல் வருஷப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப அதே கணக்கு. நான் விட்டேனா, அது விட்டுப்போயிற்றா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அதே எண் தன்னார்வலர்களுக்கு வந்திருக்கிறது என்று பார்த்ததும், கூடப் படித்தவளைப் பஸ்ஸில் திடீரென்று பார்த்த மாதிரி இருந்தது. பெரிய பங்காகவே கேட்டு வாங்கினேன். எண் உடைந்து காரணிகள் கிடைத்தால், பங்கை முடித்துக் கொடுத்தவர்கள் பெயரெல்லாம் அறிவிப்பில் வரும். என் பெயர் அதில் வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஒரு கெடு உண்டு, அதற்குள் முடிக்காவிட்டால் பங்கை எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

காலையில் எழுந்து மூன்று டப்பா கட்டி, மாமாவுக்கு மத்தியானச் சாப்பாட்டை ஹாட் பாக்ஸில் வைத்துவிட்டு, பஸ் பிடிக்க ஓடுவேன். மாமா என் கணவரின் அப்பா. அகரம் என்ற ஊரில் தென்னையும் கத்தரியும் வைத்து விவசாயம் பார்த்தவர். முழங்கால் ஒத்துழைக்காததால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, திண்டுக்கல்லில் எங்களோடு வந்து இருக்கிறார். நல்ல மனுஷர். சோற்றில் உப்பில்லை என்றால்கூடச் சொல்ல மாட்டார், சாப்பிடாமல் வைத்துவிடுவார். என் கணவர் ஸ்பின்னிங் மில் ஆபீசில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் வீடு திரும்பி, செருப்பைக் கழற்றும்போதே முன்னறைக் கம்ப்யூட்டரைப் பார்ப்பேன். ஃபேன் சத்தம் கேட்கும். சரி, நம் வேலை ஒன்று நம் கை படாமல் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவேன்.

நடக்கவில்லை என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. அந்தக் கணக்கு இரண்டு பாதியாக ஓடும். முதல் பாதியை நிறுத்தினால் விட்ட இடத்தில் தொடரலாம். இரண்டாம் பாதியை நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பத்திலிருந்துதான், அது முடிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். என் மெஷினோ தினமும் மத்தியானம் ஒரு தடவை நின்று, மூன்று மணி வாக்கில் மறுபடி கிளம்பியிருந்தது. கரண்ட் வந்தால் தானாக ஓடும்படி நானே வைத்திருந்ததால், சாயங்காலம் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரிந்திருக்கிறது. மின்வாரியத்தைத் திட்டினேன். இன்வெர்ட்டர்காரரை வரச்சொன்னேன், அவர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒன்றுமில்லை என்று போனார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், ஆனால் மத்தியானம் நான் நிற்கிற இடம் அடுப்படி. முன்னறையில் யானை புகுந்தாலும் தெரியாது.

கல்லூரிக்கு லீவு விட்ட ஒரு நாளில் முன்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மாமா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, சுவரைப் பிடித்தபடி வந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல சி.பி.யூ பெட்டி மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தார்.

“மாமா! என்ன பண்றீங்க?”

“அனலாக் கொதிக்குதும்மா. காலையில இருந்து ஒரே ஓட்டமா ஓடுது, பாவம். செத்த நேரம் ரெஸ்ட் குடுக்கணும்ல? இல்லேன்னா மோட்டார் மாதிரி உள்ள காயில் கருகிரும்.”

“தினமும் அமத்துறீங்களா?”

“ஆமா. டீ குடிச்சிட்டுத் திரும்பப் போட்டுருவேன். ஒனக்கு எதுக்குச் சிரமம்னுதான் சொல்லல.”

போர் மோட்டார் ஓட்டியே காலம் கழித்த மனுஷர். ஓயாமல் ஓட்டி மோட்டாரைக் கருகவிட்டவர்களை ஊரில் நிறையப் பார்த்தவர். அவர் மேல் எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் கோபம் வந்தது. இதில் காயில் இல்லை, சூட்டை ஃபேன் பார்த்துக்கொள்ளும், நிறுத்தினால் முதலிலிருந்து ஓட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். மறுநாளும் அணைத்தார். ஸ்விட்ச் மேல் செல்லோ டேப் ஒட்டினேன். அதைக் கிழிக்காமல் பக்குவமாக உரித்து, அணைத்துவிட்டு, திரும்ப ஒட்டி வைத்திருந்தார். கணவரிடம் சொன்னேன். “வயசானவரு, விடு” என்றார். விட்டால் என் கெடு என்ன ஆவது என்று அவருக்கு யார் சொல்வது.

கெடுவுக்குக் கொஞ்ச நாளே இருந்தபோது எனக்குக் காய்ச்சல் வந்தது. கல்லூரிக்குத்தான் லீவு போட முடிந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு சமைத்தேன், துணி அலசினேன், மாமாவுக்குச் சாப்பாடு போட்டேன். அவர் சாப்பிட்டு எழுந்து நேராகக் கம்ப்யூட்டரிடம் போய்ப் புறங்கையை வைத்தார்.

“பாவம், காலையில இருந்து ஓடுது.”

“நானுந்தான் மாமா காலையில இருந்து ஓடுறேன்” என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் போயிற்று. “எம் மேல யாரும் கைய வச்சுப் பாக்கலையே. நானும் அனலாத்தான் கொதிக்கிறேன்.”

அவர் கையை எடுத்துவிட்டார். ஸ்விட்சைத் தொடாமல் கட்டிலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகையாக வந்தது. சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றவில்லை. இத்தனை வருஷம் கழித்துச் சொன்னது, அதுவும் ஒரு மெஷினைச் சாக்காக வைத்துச் சொன்னது, அதுதான் கேவலமாக இருந்தது.

சாயங்காலம் அப்பாவும் மகனும் வாசலில் ரொம்ப நேரம் பேசினார்கள். என் கணவர் உள்ளே வந்து, பல நாளைக்குப் பிறகு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்பா ரொம்ப வருத்தப்படுறாரு. நீ ரொம்ப இழுத்துப் போட்டுக்கிற. காலேஜு, வீடு, அதுக்கு மேல இந்தக் கம்ப்யூட்டர் டென்ஷன் வேற. எதையாச்சும் ஒண்ணக் கொறைச்சாத்தான் ஒடம்பு தேறும்.”

எதைக் குறைப்பது என்று இருவரும் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். கணவர் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்தார். மாமா கீழே நின்று, “பாத்து, இடிச்சிராம” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் முகத்திலும் அவ்வளவு அன்பு. சண்டை போட்டிருக்கலாம். சண்டை போடவும் ஒரு தெம்பு வேண்டும். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

கெடு கடந்தது. உங்கள் பங்கை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம், இதுவரை ஓட்டியதற்கு நன்றி என்று மரியாதையாக ஒரு மெயில் வந்தது. அதன் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. பாடம் நடத்தினேன், டப்பா கட்டினேன். உடம்பு தேறவில்லை.

சில மாதம் கழித்து வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில், திண்டுக்கல் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஃபோனில் அறிவிப்பு வந்தது. எண் உடைந்துவிட்டது. இரண்டு காரணிகளும் நீள நீளமாக எழுதியிருந்தன. அட்டவணையில் காலியாகப் பார்த்த இடம் நிறைந்துவிட்டது. கீழே பெயர்கள். இல்லை என்று தெரிந்தும் என் பெயரைத் தேடினேன். பஸ் வந்து, கூட்டம் இடித்துக்கொண்டு ஏறியது. நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

வந்ததும் வழக்கம் போலக் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, வழக்கமில்லாமல் முன்னறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மாமா மட்டும்தான் வீட்டில் இருந்தார்.

“மாமா, அந்த நம்பரை உடைச்சிட்டாங்க.”

“எது, ஒன் மெஷின்ல ஓடுச்சே, அதா?”

“அதேதான்.”

“ஒம் பேரு வந்துச்சா?”

இதை அவர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “இல்ல மாமா” என்றேன்.

முழங்காலைத் தடவிக்கொண்டார். “சரி, விடு தாயி. எப்படியோ வேலை முடிஞ்சிருச்சுல்ல. இனியாச்சும் ஒனக்கு அலுப்புத் தீரும்.”

“அது ஓடுனதுல நான் ஒரு நாளும் அலுத்துப்போகல மாமா.”

அவர் உண்மையிலேயே புரியாமல் என்னைப் பார்த்தார். “பின்ன எதுலம்மா அலுத்துப்போற?”

அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பினோம். நான் எழுந்திருப்பேன் என்று அவர் காத்திருந்தார். எனக்கும் கால் பழக்கத்தில் ஒரு தடவை அசைந்தது. அடுத்த விசிலும் வந்தது.

“இன்னும் ஒண்ணுதான் மாமா. வந்ததும் நீங்க போய் அமத்திருங்க” என்றேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து உள்ளே போனார். மூன்றாவது விசில் அடித்து ஓய்ந்தது. பிறகு அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“ஏம்மா, இத எந்தப் பக்கம் திருகணும்?”

“வலது பக்கம்” என்றேன். எழுந்திருக்கவில்லை.