சுகருக்குத் துணையாக வந்தவை

ரத்தம் எடுக்கிற தொழிலில் ஊசி குத்தும்போது அழுகிறவர்கள் குறைவு. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போதுதான் அழுகிறார்கள். அம்பத்தூரில் ஒரு சின்ன லேபில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். டைப் ஒன் சுகர்காரர்கள் பலர் எனக்குப் பழக்கம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் இடத்தை அழித்துவிடுவதால் வருவது அது. சில பேருக்கு அந்தத் தாக்குதல் அதோடு நிற்பதில்லை. வீட்டில் இன்சுலின் வைத்திருக்கிறவர்களைப் போலவே நானும் அதை அதிர்ந்து அதிர்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

தூங்குமூஞ்சி

அயனம்பாக்கம் ஃப்ளாட்டிலிருந்து ஐ.டி. வேலை பார்க்கும் ஓர் அம்மா, பத்தாவது படிக்கும் மகளைக் கூட்டிவருவார். ஏழு வயதிலிருந்து இன்சுலின். அந்த வருடம் பெண்ணுக்கு மார்க் இறங்கியது, எடை ஏறியது, எந்நேரமும் தூக்கம். என் எதிரிலேயே திட்டு விழுந்தது.

தைராய்டு சோதனையில் டி.எஸ்.எச். நூற்றைத் தாண்டியிருந்தது. ஐந்துக்குள் இருக்க வேண்டியது. மெஷின் கோளாறோ என்று மறுபடி போட்டேன், அதே கதைதான். தைராய்டு சுரப்பியும் ஓய்ந்துவிட்டது, தூக்கம் அதனால்தான், மாத்திரையில் சரியாகும் என்று டாக்டர் சொன்னதும் அம்மா உடைந்து அழுதார். மகள் அழவில்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நான் சோம்பேறின்னு நானே நம்பிட்டேன் ஆன்ட்டி."

மூன்று வேளை

மண்ணூர்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர் ஒருவர். சுகருக்கு நல்லது என்று யாரோ சொல்ல, மூன்று வேளையும் சப்பாத்திக்கு மாறியவர். ஓயாத வயிற்றுப்போக்கு, பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. கோதுமையில் இருக்கும் புரதம் உள்ளே போனால் அவருடைய எதிர்ப்புச் சக்தி குடலையே அரிக்கிறது என்று சோதனையில் தெரிந்தது. ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே கேட்டார்: "சோத்த உட்டு இதுக்கு வந்தேன். இதுவும் ஆவாதுன்னா நான் இன்னாத்ததான் துன்றது?"

குறைந்துகொண்டே வந்தது

மேனாம்பேடு வேன் டிரைவருக்குச் சில மாதங்களாகச் சுகர் தானாகவே இறங்கியது. இன்சுலினைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஆள் மெலிந்து கறுத்ததை வெயில் என்று நினைத்தார்கள்.

ஒரு காலை, ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்தவர் அப்படியே சரிந்தார். விரல் நுனியில் குத்திச் சுகர் பார்த்தேன்: முப்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போகக் கூடாதது. பக்கத்து அறை டாக்டர் ஓடிவந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி அழிந்துபோயிருந்ததை ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். சுகர் இறங்கியதும் அதனால்தான். ஸ்டீராய்டு கொடுத்துக் காப்பாற்றினார்கள். அது இனி ஆயுள் முழுக்க.

அடுத்த மாதம் அவரைக் கூட்டிவந்த மனைவி என் பக்கத்தில் வந்து நின்றார். "சுகர் போவுதுன்னு அம்மனுக்குப் பொங்கலே வச்சேன் மேடம். போய்க்கினு இருந்தது எங்கூட்டுக்காரருன்னு தெரியாம."

இப்போதெல்லாம் யாராவது கையை நீட்டி, "எனக்கு சுகர் மட்டும்தான் மேடம்" என்றால், நான் அவர் முகத்தைப் பார்க்காமல் நரம்பைத் தேட ஆரம்பித்துவிடுகிறேன்.