அண்ணையின் கட்டில்

மெல்பேர்ண் விமான நிலையத்தில், தடித்த கம்பளிச் சட்டையொன்றை விரித்துப் பிடித்தபடி எனக்காக நின்றார் அண்ணை. 1973, ஜூலை மாதக் குளிர். "முதல் இதைப் போடும். கதையள் பிறகு" என்றார். என் உறவினரல்ல, எல்லாருக்குமே அவர் அண்ணைதான். யாழ்ப்பாணத்திலிருந்து எவர் வந்து இறங்கினாலும், வேலை கிடைக்கும்வரை அவருடைய சிறிய பிளாட்டில்தான் தங்குவார்கள். இருந்த ஒரே கட்டிலை வந்தவருக்குக் கொடுத்துவிட்டு, அண்ணை குசினியில், அடுப்புக்குப் பக்கத்துத் தரையில் பாய் விரித்துக்கொள்வார். எனக்கு ட்ராமில் கண்டக்டர் வேலை கிடைத்த பிறகும் நான் அங்கேயே தங்கிவிட்டேன். கட்டிலும் என்னிடமே தங்கிவிட்டது.

அடுத்த ஆண்டு அவர் வேலைசெய்த தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்து, இரண்டு பேருடைய வேலையை அவர் தலையில் கட்டினார்கள். அதன் பிறகுதான் மாற்றங்கள் தொடங்கின. விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து அரிசி கழுவுவார். கறிக்கு உப்புப் போட்டதை மறந்து மறுபடியும் போடுவார். வேலைக்குப் புறப்பட்டவர், காஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவார். ஒருநாள் கோப்பையொன்று உடைந்ததற்கு விம்மி அழுதார். நானும் பிளாட்டுக்கு வந்துபோகும் மற்றப் பெடியளுமோ பகிடி பண்ணினோம்.

"அண்ணை, நித்திரையை ஊரிலையே விட்டுட்டு வந்திட்டியளோ?"

"நித்திரையோ? அது உங்களை மாதிரிச் சின்னப் பெடியளுக்கு" என்று முதலில் அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பதும் நின்றுபோனது.

ஒரு சனிக்கிழமை, புதிதாக வரும் ஒருவரை அழைத்துவரப் போனார். அந்த மனிதர் போன வாரமே வந்து, எங்கள் குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணை விமான நிலையத்தைவிட்டு நகர மறுத்து நடுங்கியபடி நின்றதாகவும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பதாகவும் தகவல் வந்து, நான் அங்கே ஓடினேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஊரிலை என்ரை தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசுகினம். தமையனுக்கு விசர், மூளை சரியில்லை எண்டு கதை போனால் அவளின்ரை வாழ்க்கை போச்சு. ஒண்டும் சொல்லிப்போடாதையும்."

எப்போதிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டார். மாதக்கணக்காக நான் பார்த்த அத்தனையும் நாக்கு நுனிவரை வந்தது. "இன்றைக்குத்தான், திடீரென்று" என்றேன். களைப்பு என்று முடிவுசெய்து, மாத்திரை தந்து, நன்றாகத் தூங்கவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மறு மாதமே அவருக்குப் பேச்சு அற்றுப்போனது. நெடுநாள் மனநல மருத்துவமனையில் வைத்திருந்து ஊருக்கு அனுப்பினார்கள். அதன் பின் அவர் வேலைக்குப் போகவேயில்லை. மனம் முறிந்துபோகும் நோய் பற்றி இன்று கைக்குக் கிடைப்பதையெல்லாம் வாசிக்கிறேன். தூக்கம் கெடுவது, மறதி, காரணமில்லாத அழுகை என்று அவற்றிலுள்ள அறிகுறிகள் எதுவும் எனக்குப் புதிதல்ல.

டாக்டரிடமிருந்து திரும்பிய அந்தச் சனிக்கிழமை மாலை, அண்ணை வழமைபோலப் பாயை எடுத்தார். "நீர் கட்டிலிலை படும். விடிய வேலையெல்லே."

"ஓம் அண்ணை" என்றேன். விடியும்வரை அயர்ந்து தூங்கினேன்.