காதுக்குள் இருக்கும் கல்

யாருக்குத் தும்மல் வந்தாலும் காரணம் சொல்லுகிற வாய் சுப்ரமணிக்கு. கடலுக்குப் போவதை அவன் எப்போதோ விட்டுவிட்டான். வாயை மட்டும் விடவில்லை. முத்தியால்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்றுச் சோறு போட்டது பெண்சாதி ஆதிலட்சுமிதான். அவள் இருபது வருஷமாக உட்காருகிற வாசலோர இடத்தின் மேல் அவன் தங்கை மேனகாவுக்கு ஒரு கண்.

ஒருநாள் காலையில் படுக்கையில் புரண்ட ஆதிலட்சுமிக்கு வீடே சுற்றியது. வாந்தி வேறு. சுப்ரமணி முதலில் பித்தம் என்றான். பிறகு கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டான். மறுநாள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறினாள். அவனும் தொற்றிக்கொண்டான்.

காதுக்குள் இருக்கும் பொடிக்கல் இடம் பெயர்ந்துவிட்டது, அந்தக் கல்லுக்கு ஓட்டோலித் என்று பெயர் என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. ஆதிலட்சுமிக்கு அது புதுப் பேச்சில்லை. காலேஜில் கடல் படிப்பு படிக்கிற அபி வாரந்தோறும் அவளிடம் கத்தாழை மீன் தலை வாங்கி, பிளந்து, உள்ளேயிருக்கும் வெள்ளைக் கல்லை எடுத்துப் போவாள். கல்லில் உள்ள வளையங்களை எண்ணி மீனின் வயசைச் சொல்வாளாம். அவளும் ஓட்டோலித் என்றுதான் சொல்வாள்.

டாக்டரம்மா ஆதிலட்சுமியைப் படுக்கவைத்து, தலையைக் கட்டிலுக்கு வெளியே சாய்த்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, உட்காரவைத்தார். சுற்றல் நின்றுவிட்டது. இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்.

ஊசி இல்லை, மாத்திரை இல்லை. இதெல்லாம் ஒரு வைத்தியமா என்றான் சுப்ரமணி. மீன் தலையாகத் தின்றதால்தான் அவள் காதில் கல் ஏறியது என்று டீக்கடையில் தீர்ப்பு சொன்னான். நடுத்துண்டெல்லாம் தன் தட்டில் விழுந்ததால்தான் அவளுக்குத் தலை மிஞ்சியது என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு மார்க்கெட்டுக்கும் போனது. தலை சுற்றுகிறவள் அரிவாள்மணையில் உட்காரலாமா என்று கேட்டு, மேனகாவை அந்த இடத்தில் உட்காரவைத்துவிட்டான். இருந்த ஒரே இடமும் கை நழுவுகிற சேதி, வீட்டில் படுத்திருந்த ஆதிலட்சுமிக்கும் எட்டியது.

மூன்றாம் நாள் மார்க்கெட்டுக்குப் போனாள். மேனகா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். சுப்ரமணி வாங்க வந்தவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். ஆதிலட்சுமி ஒரு கத்தாழையை எடுத்துத் தலையைப் பிளந்து, இரண்டு கல்லையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இது தின்னு வர்றதில்ல, பொறக்கும்போதே வர்றது. மீனுக்குப் பெருசா இருக்கும், நமக்குப் பொடியா இருக்கும். இது இருக்கப் போயிதான் சாயாம நிக்கிறோம்."

கூட்டத்தில் ஒருத்தி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்படியானால் தனக்கும் இருக்கிறதா என்று சுப்ரமணி இளித்தான்.

"ஒனக்கு இருக்குதான்னு தெரியலய்யா. நீதான் இத்தினி வருஷமா எம்மேலயே சாஞ்சிக்கினு நிக்கிறியே."

மேனகா அரிவாள்மணையை விட்டு எழுந்தாள்.