லோகோவின் மேல் சந்தனம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் லோகோவைக் காவல் காப்பது என் வேலை. நிறம் மாறக் கூடாது, இழுத்து நீட்டக் கூடாது, அதன்மேல் வேறெதுவும் வரக் கூடாது என்று விதி எழுதி எல்லாத் துறைகளுக்கும் அனுப்பியவளும் நான்தான்.

இன்று காலை எங்களுக்குப் புது வேன் வந்தது. பக்கக் கதவில் லோகோ, அளவு பிசகாமல். இணையப் பக்கத்துக்குப் படமெடுக்கக் கேமராவோடு கீழே இறங்கினேன்.

லோகோவின் நட்டநடுவில் சந்தனம். அதன்மேல் குங்குமம்.

"என்ன அண்ணே இது?"

டிரைவர் முனியாண்டி அண்ணன் நிதானமாகச் சொன்னார். "வர்ற வழியில லூனாஸ் ஊர்ல இருக்கற கோயில்ல பூசை போட்டேம்மா. புது வண்டி லா. பூசாரி வெச்சி விட்டாரு."

"முன் கண்ணாடியில வெச்சிருக்கலாமே?"

"அங்கயும் வெச்சிருக்காரு."

ஈரத்துணி ஒன்றை எடுத்து வந்து நீட்டினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நாளைக்கு ஓட்டப் போறவன் நானு. என்னால துடைக்க முடியாதும்மா."

மேலதிகாரி சேகர் சாரை அழைத்தேன். கோபமாகத்தான் வந்தார். துணியை வாங்கினார், பொட்டைப் பார்த்தார், துணியை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ரூல்ஸ் எழுதுனது நீதானே? நீயே துடை."

துணியை மடித்து வைத்தேன். பிறகு வேனின் பின்பக்கம் போய்ப் படமெடுத்தேன். அங்கே நம்பர் பிளேட்டைத் தவிர ஒன்றும் இல்லை.

இங்கே வெயில் கொளுத்துகிறது. லூனாஸுக்குப் பக்கத்து ஊர் கூலிமில் இருப்பவர்கள் சொல்லுங்கள், அங்கே மழை பெய்கிறதா? வேனை அனுப்பி வைக்கிறேன்.