சீட்டு இல்லாமல் உள்ளே வரக்கூடாது

சித்தூர்-திருப்பதி பஸ்ஸில் நான் கண்டக்டர். கறாரான ஆள் என்று பெயர். கோபம் எனக்கு முன்னாலேயே போய் நிற்கும். ஆனால் கறார் என்றால் என்னவென்று, என் மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவளுக்கு ஆட்டிசம். நாலு வயதில் திருப்பதி டாக்டர் சொன்னார். நாங்கள் தமிழ்நாட்டு எல்லையோரம் பாலசமுத்திரம் பக்கத்திலிருந்து சித்தூருக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. அந்தக் குழப்பமெல்லாம் அவளுக்குக் கிடையாது, இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தாள். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே டீச்சர், ஒரே அறை என்பதால் சிக்கலில்லாமல் போனது. ஹைஸ்கூல் அப்படியா? மணியடித்தால் ஒரு சார் போவார், இன்னொரு சார் வருவார். அடுத்து என்ன என்று முன்கூட்டியே தெரிந்தால் அவள் ராணி. தெரியாவிட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அதனால் சேர்க்கும்போதே டைம்டேபிளை வாங்கிவந்து, பெரிய அட்டையில் எழுதி, ஒவ்வொரு பீரியடுக்கும் எதிரே அந்தந்த ஆசிரியரின் போட்டோவை ஒட்டினேன். தினமும் அதைப் பள்ளிக்கும் எடுத்துப்போவாள். நாலே நாளில் மனப்பாடம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த அட்டையே வினையாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

இரண்டாம் வாரம் ஹெட்மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். கணக்கு சார் லீவு. அவருக்குப் பதிலாக சோஷல் சார் வகுப்புக்குப் போயிருக்கிறார். என் மகள் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துவிட்டாள். இது கணக்குப் பீரியட், நீங்கள் சோஷல் என்றிருக்கிறாள். அவர் கையை விலக்கிவிட்டு உள்ளே போக, இவள் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டு பீரியட் முடியும்வரை அலறியிருக்கிறாள்.

ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை. ஒரு மாதம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் திருப்பதியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி இருக்கிறது, ஹாஸ்டலும் உண்டு, அங்கே சேர்த்துவிடுங்கள் என்று மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் எதுவும் விழவில்லை என்று நினைத்து நிம்மதிப்பட்டேன்.

பதினோரு வயதுப் பிள்ளையை ஹாஸ்டலில் விடுவதா? மறுநாள் பஸ் ஸ்டாண்டில் "திருப்பதி, திருப்பதி" என்று கூப்பிட வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. "இன்னாபா, தொண்டைல இன்னா மாட்டிக்கினு கீது?" என்று டிரைவர் கேட்டார். அவருக்கு என்னவென்று சொல்ல? அந்த ஊர்ப் பேரே மாட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தை மனைவியிடம் காட்டினேன். பள்ளியைத் திட்டினேன், சோஷல் சாரைத் திட்டினேன். அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"பஸ்ல கத்தற மாரி இங்க கத்தாத. உன் டூட்டி மாறுனா மட்டும் அவ கம்முனு கீறாளே, அது எப்டின்னு யோசிச்சியா?"

யோசித்ததில்லை. டிப்போவில் இரண்டு கண்டக்டர்கள் டூட்டி மாற்றிக்கொண்டால் சீட்டு எழுதி இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். என் லீவு நாள் மாறினால் அந்தச் சீட்டை மகளிடம் காட்டுவேன். வாசித்துவிட்டு, "சரி நைனா" என்று போய்விடுவாள். மாற்றத்தைக் கண்டு அவள் பயப்படவில்லை, சொல்லாமல் கொள்ளாமல் வரும் மாற்றத்தைக் கண்டுதான் பயந்தாள்.

மறுநாளே பள்ளிக்கு ஓடினேன். வேறு சார் வருவதாக இருந்தால் அவளிடம் ஒரு சீட்டு எழுதிக் காட்டுங்கள் என்று கேட்டேன். ஹெட்மாஸ்டர் சரி என்றார். சோஷல் சார்தான், "நேனு பாப்பனி பர்மிஷன் அடகாலா?" என்று சிரித்தார். பிள்ளையிடம் நான் போய் அனுமதி கேட்கவேண்டுமா என்கிறார். எனக்குச் சுருக்கென்றது. மகளுக்காக வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த முறை கணக்கு சார் வராதபோது, சோஷல் சார் விளையாட்டாக ஒரு சீட்டு எழுதிக்கொண்டு போனார். என்ன நடந்தது என்று பிறகு அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என் மகள் வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாளாம், தேதி இல்லை என்று. தேதி போட்டார். மறுபடி திருப்பினாள். கணக்கு சார் கையெழுத்து எங்கே? அவர்தான் லீவாயிற்றே, பாவம் மனிதர் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தார். அதை அட்டையில், கணக்கு சார் போட்டோவின் மேல் ஒட்டிவிட்டு, வழிவிட்டு, "ரண்டி சார்" என்று வரவேற்றாளாம். வகுப்பே சிரித்தது. பீரியடில் பாதி போய்விட்டது. ஆனால் அலறல் இல்லை.

அதன்பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் பொய். ஒருநாள் சொல்லாமல் பேண்டு வாத்தியப் பயிற்சி வைத்துவிட்டார்கள், இவள் கேட் வரை ஓடிவிட்டாள். ஆனாலும் அட்டையில் சீட்டுகள் ஏறிக்கொண்டே வந்தன. பக்கத்தில் உட்காரும் பெண் காய்ச்சலில் ஒருநாள் வரவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணே, நேற்று வராததற்கு ஒரு சீட்டு எழுதிக்கொண்டு வந்து தந்திருக்கிறாள். அதை என் மகள் வீட்டில் காட்டியபோது மனைவி அழுதாள். நானும்தான்.

மாதம் முடிந்த அன்று டூட்டிக்குப் போகும் வழியில் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். மகளையும் வரச்சொல்லியிருந்தார்.

"அந்தத் திருப்பதி விஷயம்..." என்று அவர் ஆரம்பித்தார்.

மகள் கையை நீட்டினாள். "சீட்டு எங்கே சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்கு ஃபேனைப் பார்த்துக்கொண்டே அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள். ஒரு மாதமாக அந்தச் சீட்டு வருமோ என்று தினமும் காத்திருந்திருக்கிறாள். நான்தான் மடையன்.

"சீட்டு இல்லம்மா," என்றார் அவர். "எழுதவும் மாட்டேன்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலாவது பீரியட், சயின்ஸ்," என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து "திருப்பதி, திருப்பதி" என்று கூப்பிட்டேன். டிரைவர் காதைத் தேய்த்துக்கொண்டார். ஆட்கள் ஏறினார்கள். விசிலடித்தேன். பஸ் திருப்பதிக்குப் போனது, என் மகள் சித்தூரில் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தாள்.