ஐம்பத்தொன்பதில் ஒருவன்

முன்னறையிலிருந்து வெர்லினின் முனகல் கேட்டது. பாட்டு இல்லை, பாட்டின் அடிக்குரல் மட்டும். ரோசன்டால் ஊரில் சபைக்குப் போகிற எல்லோரும் வாத்தியம் இல்லாமல், நான்கு குரலாகப் பிரிந்து பாடுகிறவர்கள். அந்த நான்கில் அடிக்குரலை மட்டும் தனியே கேட்டால் என்ன பாட்டென்றே பிடிபடாது. மனசில் எதையோ வைத்துக்கொண்டு சொல்லத் தெரியாமல் தவிக்கும்போதுதான் வெர்லின் கோயரிங் இப்படி முனகுவார்.

அடுப்படியில் காபி ஊற்றிக்கொண்டிருந்த லவோன் உன்ருவின் கை நின்றது. வெர்லின் சபை நடத்தும் கல்லூரியில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். இப்போது அதே கல்லூரிக்கு டீன். அவள் கணவன் ஹார்லன் உயிரோடு இருந்தவரை, சபையில் அவரும் வெர்லினும் தோளோடு தோள் நின்று பாடியவர்கள். அவள் கோப்பையோடு முன்னறைக்கு வந்தாள்.

"என்ன வெர்லின், உன் பொண்டாட்டி சுட்டு அனுப்பின ரொட்டியை நீயே தொடாம உட்கார்ந்திருக்க? அவ்வளவு மோசமாவா வந்திருக்கு?"

"மெதுவா பேசு. மார்லின் காதுல விழுந்தா எனக்கு ராத்திரிச் சோறு கிடையாது."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் வெர்லின் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். ஏதோ வரப்போகிறது என்று லவோனுக்குத் தெரிந்துவிட்டது.

கோதுமை விவசாயி வீட்டில் பிறந்தவள் லவோன். பதினெட்டு வயதில் அந்தக் கல்லூரியில் சேர்ந்து, இரண்டாம் வருடம் அம்மா படுத்த படுக்கையானதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினாள். ஏன் போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேட்காமை இருபது வருடம் அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. நாற்பது வயதில் மறுபடி போய்ச் சேர்ந்தாள். பட்டம் வாங்கிய நாளில், எல்லோரும் தலை குனிந்து மௌனமாக ஜெபித்துக்கொண்டிருந்த நேரத்தில், "அதோ எங்கம்மா!" என்று ஒன்பது வயது கெண்டல் கத்தியதில் போதகரே சிரித்துவிட்டார்.

அதன்பின் கல்லூரியே அவளுக்கு வேலை கொடுத்தது. படிப்பைப் பாதியில் விடப் பார்க்கிற பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவதுதான் வேலை. போனில் கூப்பிடுவாள். எடுக்காவிட்டால் காரை எடுத்துக்கொண்டு போவாள். டாட்ஜ் சிட்டி, லிபரல் போன்ற தொலைவூர்களுக்குப் பனியில் போய், யார் யார் வீட்டு வாசலிலோ நின்று, அழுகிற பிள்ளையை அழுக்குத் துணி மூட்டையோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவாள். முதலில் துணி துவைத்துக் கொடுப்பாள். புத்திமதி எல்லாம் பிறகுதான். "லவோன் வண்டி வருதுடா, ஒளிஞ்சுக்கோ" என்று விடுதியில் ஒரு கேலியே உண்டு.

ஊரான் பிள்ளைகளையெல்லாம் பிடித்து நிறுத்தியவள். சொந்தப் பிள்ளை?

வெர்லின் தொண்டையைச் செருமினார்.

"கெண்டலோட வகுப்புக்கு இந்த வருஷம் கணக்கு முடியுது, லவோன். சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சே."

"தெரியும். ஐம்பத்தொன்பது பேர் சேர்ந்தாங்க. இருபத்துமூணு பேர் முடிச்சாங்க. நூத்துக்கு முப்பத்தொன்பது."

"நாற்பது வேணும். ரெண்டு வருஷமா கீழ இருக்கோம். இதுவும் போனா அங்கீகாரம் போயிடும். அரசாங்க உதவிப் பணம் நின்னுடும். அப்புறம் நம்ம கல்லூரி ஒரு வருஷம் தாங்காது."

அவள் ரொட்டித் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"படிச்சுக்கிட்டிருக்கும்போதே செத்துப்போன பிள்ளையைக் கணக்குலேருந்து கழிச்சுடலாம். விதியே அதான். கெண்டலை அப்படித்தான் கழிச்சு வச்சிருந்தோம். ஐம்பத்தெட்டுல இருபத்துமூணுன்னா, முழு எண்ணா எழுதும்போது நாற்பது வந்துடும். அங்கீகாரம் தர்ற இடத்துலேருந்து இப்ப வந்திருக்கிற சோதனைக்காரர் தோண்டுறாரு. டிசம்பர்லயே அறையைக் காலி பண்ணி சாவியைக் கொடுத்துட்டானே, அப்ப அவன் படிப்பை விட்டவன்தானேன்னு கேக்குறாரு. விட்டவனைக் கழிக்க முடியாது."

"அதுக்கு?"

"கடைசிப் பருவத்தை வீட்டிலேருந்து வந்து படிக்கப் போறதா இருந்தான், அதனாலதான் சாவியைக் கொடுத்தான்னு நீ சொன்னா போதும். அம்மா வாய் வார்த்தை போதும்னுட்டாரு. நம்ம சபை ஆளுங்க சத்தியம் பண்றதில்லை, ஆமான்னா ஆமாதான்னு அவருக்கும் தெரியும். நீ சும்மா ஆமான்னு சொல்லு." வெர்லின் அவள் பக்கம் குனிந்தார். "மே மாசம் அவன் பேருக்குப் பட்டம் கொடுக்கலாம்னு குழுவுல பேசிட்டேன். அவனோட பட்டமளிப்பு அங்கியை நீ வாங்கிக்கணும். கூட்டமே எழுந்து நின்னு பாடும், லவோன்."

அந்த அங்கி! எத்தனை முறை அதைக் கனவில் தேய்த்து மடித்திருப்பாள்! ஒரு வார்த்தைதானே? அதைச் சொன்னால் கல்லூரி பிழைக்கும், பிள்ளைக்குப் பட்டம் கிடைக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?

அன்றைக்கு இந்த வீட்டு அடுப்படியில் என்ன நடந்தது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் மண்ணுக்குள் இருக்கிறான்.

அவன் சாவியைக் கொடுத்த அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கெண்டல் வந்து மேசையில் உட்கார்ந்தான்.

"அம்மா, நான் திரும்பிப் போகப் போறதில்ல."

"நல்லாத் தூங்கி எழுந்திரு கண்ணா. காலையில பேசலாம்."

அவன் சிரித்தான். "இது நீ போன்ல பசங்ககிட்ட சொல்ற முதல் வரிம்மா. அடுத்து, சாப்பிட்டியான்னு கேப்ப. அப்புறம், வேற யார்கிட்டயாவது சொன்னியான்னு கேப்ப. சின்ன வயசுலேருந்து இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

அவளுக்கு அடுத்த வரி மறந்துபோனது.

"ஒரே ஒரு பருவம்டா பாக்கி! என்ன குறை உனக்கு?"

"சபையில எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுப் பாடுறாங்க. நான் கண்ணைத் திறந்துக்கிட்டு கடிகாரத்தைப் பாக்குறேன். ரெண்டு வருஷமா இப்படித்தான். அந்த அங்கியைப் போட்டுக்கிட்டு மேடையில நின்னு நானும் உங்கள்ல ஒருத்தன்னு பொய் சொல்ல என்னால முடியாது."

அப்போதுதான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். நாக்கைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம்.

"என் பையனே விட்டுட்டுப் போனா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அடுத்தவங்க பிள்ளையைக் கூப்பிடுவேன்?"

கெண்டல் எழுந்தான். "இப்பதான் எங்கிட்ட நிஜமா பேசுற. அதுவும் உன் மூஞ்சிக்காக."

ஒன்பது நாள் கழித்து, விசிட்டா நகரில் வேலை கேட்கப் போனவனின் வண்டி பனிக்கட்டிப் பாதையில் வழுக்கிப் பாலத்தில் மோதியது. சவ அடக்கத்தன்று கல்லூரியே வந்து நான்கு குரலில் பாடியது. படிக்கிற பிள்ளை, விடுமுறையில் போய்விட்டானே என்று எல்லோரும் அழுதார்கள். அவள் வாய் திறக்கவில்லை. தொலைவூர்ப் பிள்ளைகளுக்காக எத்தனையோ வாசலில் நின்றவள், எட்டடி தள்ளி உட்கார்ந்திருந்தவனிடம் போய், "உனக்கு என்னடா வலி?" என்று கேட்கவில்லையே! அந்தத் தீயில்தான் அவள் இன்னும் வெந்துகொண்டிருக்கிறாள்.

"வெர்லின்," என்றாள். "அவன் விட்டுட்டான். எங்கிட்ட சொல்லிட்டுத்தான் விட்டான்."

வெர்லின் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இதை நீ எங்கிட்ட சொல்லல. நான் கேக்கல," என்றார். "இப்ப ஒரு ஆமா மட்டும் சொல்லு."

"கழிச்சுட்டா என்ன ஆகும்? ஐம்பத்தெட்டு பேர்னு எழுதுவ. ஒருத்தன் வந்தான், உட்கார்ந்தான், மூணரை வருஷம் படிச்சான்ங்கிறதே இல்லாம போயிடும். போனவங்க கூட்டத்துல அவன் இருந்தா, வந்தவன்ங்கிறதாவது மிஞ்சும் வெர்லின்."

"பட்டம் கொடுக்கிறேன்ங்கிறேனே!"

"எதைச் சொல்ல மாட்டேன்னு வெளிய போனானோ, அதை அவன் செத்த பிறகு அவன் வாயில திணிக்கச் சொல்றியா? அவன் தானா எடுத்த முடிவுன்னு எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அன்னைக்கும் காது கொடுக்கல நான். இன்னைக்காவது..."

அதற்கு மேல் முடியவில்லை. மேசையில் தலை சாய்த்து அழுதாள். வெர்லின் எழுந்து வந்து, அவள் முதுகில் கை வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

"கல்லூரி போயிடும், லவோன். உன் வேலையும் போகும். என்னுதும்தான்."

"தெரியும். அந்தக் கணக்கை உனக்கு முன்னாடியே போட்டவ நான்."

"ஹார்லன் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

"அவரை இழுக்காத." அவள் நிமிர்ந்தாள். முகம் முழுக்க ஈரம். "காலையில சோதனைக்காரர்கிட்ட நானே சொல்லிடுறேன். உன் வாயால வர வேண்டாம். நீ எங்கிட்ட கேட்டதை நான் சொல்ல மாட்டேன்."

வெர்லின் மேசையிலிருந்து விலகினார். தொப்பியை எடுத்தார், போட்டுக்கொள்ளவில்லை. வாசல்வரை போய்த் திரும்பினார்.

"எனக்கும் அவனை ரொம்பப் பிடிக்கும். என் வகுப்புல ஜன்னலோரம் உட்காருவான். விட்டுட்டுப் போறதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

அவர் யோசித்தார். "உங்கிட்ட அனுப்பியிருப்பேன்," என்றார்.

அதைக் கேட்டு அவள் சிரித்தாளா, அழுதாளா, அவளுக்கே தெரியவில்லை. வெர்லின் படியிறங்கி, வயல் பக்கமிருந்து வந்த காற்றில் தோளைக் குறுக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். அவர் ஏறி உட்கார்ந்து, வெகுநேரம் வண்டியைக் கிளப்பாமல் இருந்ததை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் சிவப்பு விளக்கு சாலையில் திரும்பி மறைந்ததும், கதவைச் சாத்தித் தாழிட்டாள்.